ஆப்பிரிக்காவுக்குப் பொருத்தமான பிள்ளை

கையைத்தான பாக்குறீங்க? பயப்படாம உக்காருங்க, ஒட்டுற நோயில்ல. டெட்டால் போட்டுப் போட்டுக் கழுவி இப்படி ஆயிருச்சு. டாக்டர் போன தடவையே சொன்னார், அடிக்கடி கழுவாதீங்க டீச்சர்னு. அவருக்கென்ன, ஏசி ரூமுல உக்காந்துக்கிட்டுச் சொல்லலாம். ரெண்டாங்கிளாஸ் பிள்ளைங்க நடுவுல ஒரு நாள் வந்து நின்னு பாக்கச் சொல்லுங்க. மூக்கு வழியும், அதே கையால நம்ம சேலையப் பிடிக்கும். கடலை மிட்டாயத் தின்னுட்டு அந்தப் பிசுபிசுப்போட நோட்டை நீட்டும். ச்சீ. வீட்டுக்குப் போனா எனக்குச் சோறு இறங்காது.

எந்த ஸ்கூலுன்னு மட்டும் கேக்காதீங்க. கோவில்பட்டி சின்ன ஊரு. உங்களுக்குத் தெரிஞ்ச பிள்ளை யாராவது அங்க படிக்கும். பேரு சிவகாமசுந்தரி. சுந்தரி மிஸ்னு சொல்வாங்க. நாங்க பள்ளிக்கூடம் நடத்துற லட்சணத்தை நெனச்சா இந்தக் கைய விட மனசுதான் அதிகமா அரிக்குது. இந்த வருஷம் ஒரு கூத்து நடந்துச்சு, கேளுங்க. உள்ள கூப்பிட இன்னும் நேரம் கெடக்கு.

எங்க ஸ்கூல்ல ஒரு உலக உருண்டை உண்டு. இரும்பு ஸ்டாண்டுல நிக்கும், சுத்தினா சுத்தும். பழசுதான், ஆனா புதுசு மாதிரி வச்சிருந்தேன். பிளாஸ்டிக் கவர் போட்டு என் பீரோவுக்குள்ள. கண்டம், சமுத்திரம் பாடம் வர்ற வாரத்துல மட்டும் வெளிய எடுப்பேன். பிள்ளைங்க கையக் கட்டிக்கிட்டு வரிசையா வரணும், பாக்கணும், போகணும். தொடக் கூடாது. தொட்டா ஸ்கேல்தான். இதுல என்ன தப்பு, சொல்லுங்க? உலகத்தைப் பாக்கக் கண்ணு போதாதா? விரலு எதுக்கு?

என் பிள்ளைங்க ஏழு கண்டத்தையும் அஞ்சு சமுத்திரத்தையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கும். ஆசியா, ஆப்பிரிக்கா, வட அமெரிக்கா, தென் அமெரிக்கான்னு ராகம் போட்டுச் சொல்லிக் குடுத்திருக்கேன். இன்ஸ்பெக்ஷன் வந்தவங்களே பாராட்டிட்டுப் போயிருக்காங்க.

இந்த வருஷம் பக்கத்து செக்ஷனுக்கு ஒருத்தி வந்தா. பெனிட்டா. தூத்துக்குடிக்காரி. பி.எட் முடிச்ச சூடு ஆறாம வந்துட்டா. வந்த மொத வாரமே பிள்ளைங்களோட தரையில உக்காந்துட்டா. சேர் எதுக்குப் போட்டிருக்கு? அது போகட்டும். ஒரு நாள் ஒரு பந்து கொண்டு வந்தா. கடற்கரையில விப்பான்ல, காத்தடிக்கிற பந்து, அந்த மாதிரி. அதுல உலக மேப் அச்சடிச்சிருக்கு. அதை வாய் வச்சு ஊதுறா. ஊதிட்டு பிள்ளைங்ககிட்டத் தூக்கிப் போடுறா! பிடிக்கிற பிள்ளையோட கட்டைவிரல் எதுல இருக்கோ, அதைச் சொல்லணுமாம். சமுத்திரமா, கண்டமா, என்ன பேருன்னு. ஒரே கத்தல். வேர்வைக் கை, எச்சில் கை, எல்லாக் கையும் பட்டு அந்தப் பந்து மினுமினுன்னு வழுக்குது. எனக்கு வாந்தி வராத குறை.

"மிஸ், பாதிக்கு மேல தண்ணிதான் வருது மிஸ்!"னு ஒரு பையன் கத்துறான். அவன் கண்டுபிடிச்சிட்டான்னு இவ குதிக்கா. "அதான்டா பூமி!"ங்கிறா. இதைப் புஸ்தகத்துல மொத வரியிலயே போட்டிருக்கான். படிச்சுக் காட்டுனா அரை நிமிஷம். இவளுக்கு ஒரு பீரியடு.

அவ ஒரு நாள் என் கிளாஸுக்கு வந்து, என் உருண்டையக் காட்டி, என் பிள்ளை ஒண்ணுகிட்ட, "இந்த நீலம் என்னடா?"ன்னு கேட்டா. அது "வானம் மிஸ்"னு சொல்லிருச்சு. அவ என்னைப் பாத்தா. ஏங்க, நீலம்னா வானம்னு ஒரு பிள்ளைக்குத் தோணாதா? பரீட்சையில கலரா கேக்கான்? பேரைத்தான கேக்கான்? அந்தப் பார்வைய என்னால தாங்க முடியல. நேத்து வந்தவ.

சரி, விஷயத்துக்கு வாறேன். ஆண்டு விழா வந்துச்சு. ரெண்டாங்கிளாஸ் ரெண்டு செக்ஷனும் சேந்து 'ஏழு கண்டம்'னு ஒரு நிகழ்ச்சி. பொறுப்பு என்கிட்டக் குடுத்தாங்க. எந்தப் பிள்ளைக்கு எந்தக் கண்டம்னு நான்தான் பிரிச்சேன். நேர்மையாப் பிரிச்சேன். நகைக்கடைக்காரர் பையன் ரக்‌ஷன், வெண்ணெய் மாதிரி இருப்பான், அவனுக்கு ஐரோப்பா. கோட்டு, தொப்பி. ஆசியாவுக்குப் பட்டுப்பாவாடை கட்டின பிள்ளை ஒண்ணு, நல்லாப் படிக்கும். அண்டார்டிகாவுக்குச் சட்டையெல்லாம் பஞ்சு. சமுத்திரத்துக்கு நீலத் துணியப் பின்னாடி நின்னு ஆட்டணும், மூஞ்சி தெரியாது. சுமாராப் படிக்கிற பிள்ளைங்களை அதுல போட்டுட்டேன். எல்லாருக்கும் ஒரு இடம் குடுத்தேனா இல்லையா?

ஆப்பிரிக்காவுக்கு இலக்கியா. என் செக்ஷன் பிள்ளைதான். யோசிக்கவே வேண்டி இல்ல, அப்படியொரு பொருத்தம். தலைமுடி சுருட்டை வேற. தழைப் பாவாடை, அட்டையில வெட்டின எலும்பு மாலை. கையில ஒரு ஈட்டி. மேக்கப் செலவே கிடையாதுன்னு ஸ்டாப் ரூமுல சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க. பெனிட்டா மட்டும் சிரிக்கல. அவளுக்கு நகைச்சுவையே புரியாது.

அந்தப் பிள்ளை மொதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பெனிட்டாகிட்டப் போய் என்னமோ கேட்டுட்டு வந்து, "மிஸ், ஆப்பிரிக்காவுல பிரமிடு இருக்காம் மிஸ். நான் ஈட்டிக்குப் பதிலா பிரமிடு வச்சுக்கிடவா?"ன்னுச்சு. சொன்னதைச் செய்டின்னேன். "ஆப்பிரிக்காப் பிள்ளைங்க ஸ்கூலுக்கும் தழைதான் கட்டிட்டுப் போவாங்களா மிஸ்?" இப்படித் தொணதொணன்னு. பிள்ளைங்களுக்குக் கேள்வி கேக்கச் சொல்லிக் குடுத்தா இதான் வரும். அடங்காது.

ஒத்திகையில ரக்‌ஷன் அவளைச் சுத்திச் சுத்தி வந்து "ஊகா ஊகா"ன்னு ஆடினான். மத்த பசங்களும் ஆடினாங்க. நான் என்ன பண்ண? பாட்டுக்குச் சரியா வந்துச்சு, அதையும் சேத்துக்கிட்டேன். அப்புறம் கிளாஸ்ல எந்தப் பிள்ளையும் அவ கையப் பிடிக்க மாட்டேன்னுச்சுங்க, கலரு ஒட்டிக்கிடும்னு. சின்னப் பிள்ளைங்கதான. இன்னைக்குச் சண்டை போடும், நாளைக்குச் சேந்துக்கிடும். அதுக்கெல்லாம் நாம தலையிட முடியுமா?

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுட்டு வாறேன், கிளாஸ்ல உருண்டை மேசை மேல இருக்கு. ஒத்திகைக்காக எடுத்து வச்சிருந்தேன், பூட்ட மறந்துட்டேன். கவரைக் கழத்திப் போட்டிருக்கு. பாத்தா ஆப்பிரிக்காவையே காணோம். வெள்ளையா இருக்கு. என் மேசையில இருந்த ஒயிட்னரை எடுத்து, மேல இருந்து கீழ வரைக்கும், ஓரம் தாண்டாம, அவ்வளவு நிதானமா அடிச்சு வச்சிருக்கு. இத்தனை வருஷமா ஒரு கீறல் விழாம வச்சிருந்த பொருள்!

"யாருடி?"ன்னேன். இலக்கியா எந்திரிச்சா. மறைக்கக்கூட இல்ல. விரல் நுனியெல்லாம் வெள்ளை.

"ஏன் செஞ்ச?"

ஸ்கேலை எடுத்ததும் சொன்னா. "ஆப்பிரிக்கா வெள்ளையாயிட்டா யாரும் சிரிக்க மாட்டாங்கல்ல மிஸ்."

பேச்சைப் பாருங்க. ஏழு வயசுல. செஞ்ச தப்புக்கு ஒரு நியாயம் வேற. யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு நெனைக்கீங்க?

அன்னைக்கு நான் அடிக்கல. என்மேல வேற என்ன பழி வேணா போடட்டும், அடிச்சேன்னு எவளும் சொல்ல முடியாது. ஆயாகிட்ட மண்ணெண்ணெய் வாங்கி, ஒரு துணியக் குடுத்து, நீயே தொடைன்னேன். தப்புச் செஞ்சவங்கதான் சரி பண்ணணும். அவளும் தொடைச்சா. அழுதுகிட்டே தொடைச்சா. தொடைக்கத் தொடைக்க ஒயிட்னரோட அடியில இருந்த அச்சும் சேந்து வந்துருச்சு. மத்த கண்டமெல்லாம் அப்படியே இருக்கு, ஆப்பிரிக்கா இருந்த இடம் மட்டும் பொட்டலா நிக்குது. அதுக்கப்புறம் அந்த உருண்டையப் பாத்தாலே எனக்கு உமட்டிக்கிட்டு வரும். பீரோவுக்குப் பின்னாடி தள்ளிட்டேன்.

சாயங்காலம் அவங்கம்மா வந்தா. மாரீஸ்வரின்னு பேரு, பெரிய ஆஸ்பத்திரியில நர்ஸு. டூட்டி முடிஞ்ச கையோட பிள்ளையக் கூட்டிட்டுப் போக வந்தவ, கேட்டுக்கு வெளிய போயிட்டு ஓட்டமா திரும்பி வாரா. மூச்சு இரைக்குது.

"மிஸ், என் பிள்ளை மேல மண்ணெண்ணெய் வாடை வருது. யாரு ஊத்துனா? என்ன நடந்துச்சு?"

"யாரும் ஊத்தல. நீங்களா ஒண்ணு கெளப்பாதீங்க. உங்க பிள்ளை உலக உருண்டைய நாசம் பண்ணிட்டா. அவளையே தொடைக்கச் சொன்னேன்."

அவ பக்கத்துல இருந்த பெஞ்சுல பொத்துன்னு உக்காந்துட்டா. பிள்ளை கைய மோந்து மோந்து பாக்கா. தீக்காயம் பட்டு வர்றவங்களைத் தினம் பாக்குறவளாம். அவங்க மேல வர்ற அதே வாடையாம். அதுக்கு நான் என்ன செய்ய? நானா நர்ஸ் வேலைக்குப் போகச் சொன்னேன்?

நிமிந்து கேட்டா. "எதுக்கு நாசம் பண்ணினான்னு கேட்டீங்களா?"

கேட்டேன்னு சொன்னேன். பிள்ளை சொன்னதையும் சொன்னேன். மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?

அவ பிள்ளைய வெளிய போய் நிக்கச் சொன்னா. அப்புறம் எந்திரிச்சு என் மேசைக்கு நேரா வந்தா. "ஆப்பிரிக்காவுக்கு என் பிள்ளைய ஏன் போட்டீங்க மிஸ்?"

"பொருத்தமா இருந்தா, போட்டேன்."

"எப்படிப் பொருத்தம்?"

பாருங்க, எப்படிப் பொருத்தம்னு கேக்கா. கண்ணு இல்லையா அவளுக்கு? நாம வாயத் திறந்து சொல்லணுமாம். ஒரு மரியாதைக்குத்தான் நான் சொல்லல.

"குரல் நல்லா இருக்கும், கணீர்னு பேசுவா"ன்னேன்.

"இல்ல மிஸ். நெஜத்தைச் சொல்லுங்க. நீங்களும் நானும் ஒரே கலருதான? நமக்குள்ள என்ன கூச்சம்? வாயத் திறந்து சொல்லுங்களேன்."

எனக்கு முகமெல்லாம் சுட்டுச்சு. நானும் அவளும் ஒண்ணா? நான் இத்தனை பிள்ளைங்களுக்குப் படிப்புச் சொல்லிக் குடுத்தவ. என்கிட்ட நின்னு என்ன பேச்சு! வாசல்ல வேற பெனிட்டா நின்னுக்கிட்டிருக்கா. எல்லாத்தையும் கேட்டுட்டா. கேட்டுட்டு என்கூட நிக்க வேண்டாமா, ஒரே ஸ்டாப்தான நாம? இல்ல. உள்ள வந்து மாரீஸ்வரி கையப் பிடிச்சுக்கிட்டு, "வாங்கக்கா, கரஸ்பாண்டன்ட் சாரைப் பாப்போம்"ங்கிறா. அக்காவாம்!

அந்த ஆளு இருக்காரே, கரஸ்பாண்டன்ட், ஸ்கூலை நடத்துறவர், அவரை நெனச்சா அதுக்கு மேல அருவருப்பு. யாரு செஞ்சது சரி, யாரு செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்தை கேக்கணும்ல? வாட்ஸ்அப்ல போட்டுட்டாங்கன்னா அட்மிஷன் போயிரும்னு வேர்த்து வழியுறார். "அழாதீங்கம்மா, ஒண்ணும் பிரச்சினை இல்ல. பிள்ளைக்கு நல்லா பவுடர் போட்டு ஐரோப்பா குடுத்துருவோம். சுந்தரி மிஸ், மாத்திருங்க"ங்கிறார். அட, கூறு கெட்ட மனுஷா! நகைக்கடைக்காரர் சும்மா இருப்பாரா?

நல்லவேளை, மாரீஸ்வரியே வேண்டாம்னுட்டா. "என் பிள்ளை ஆப்பிரிக்காவாவே நிக்கட்டும் சார். ஆப்பிரிக்காவுல என்ன குறை? தழையும் எலும்பும்தான் வேண்டாம். நல்ல துணி உடுத்திட்டு நிப்பா. ஊகா ஊகான்னு எவனும் ஆடக் கூடாது."

உடனே பெனிட்டா, "நான் சொல்லிக் குடுக்கேன் சார்"னுட்டா. அவரும் சரின்னுட்டார். அவ்வளவுதான். நான் தச்சு வச்ச உடுப்பு, நான் எழுதின பாட்டு, நான் பழக்கின ஆட்டம், எல்லாம் குப்பைக்குப் போச்சு. என்னை ஒரு வார்த்தை கேக்கல. எத்தனையோ பேட்ச் பிள்ளைங்களை மேல ஏத்தி விட்டவ நான். விழாவுக்கு வந்தவங்களை உக்கார வைக்கிற வேலையை எனக்குக் குடுத்தாங்க.

விழா அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. உடுப்பெல்லாம் கிடையாது. பிள்ளைங்க அதது பொறந்தநாள் டிரஸ்ஸப் போட்டுட்டு மேடையில வட்டமா உக்காந்திருக்கு. பெனிட்டா அந்த எச்சில் பந்தை ஊதிக் குடுத்துட்டு ஓரமாப் போயிட்டா. பந்து பிள்ளைக்குப் பிள்ளை போகுது. பிடிச்ச பிள்ளை எந்திரிச்சு அதுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுது. மனப்பாடம் கிடையாது, ராகம் கிடையாது. ஒண்ணு, "பசிபிக் சமுத்திரம் ரொம்பப் பெருசு, எங்க பெரியப்பா கப்பல்ல அதுல போயிருக்காங்க"ன்னுச்சு. ரக்‌ஷன் எந்திரிச்சு, "ஐரோப்பா சின்னக் கண்டம், ஆனா நெறைய நாடு"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டான். கோட்டும் இல்ல தொப்பியும் இல்ல, பாவமா இருந்துச்சு பாக்க.

இலக்கியாகிட்ட வந்துச்சு. மஞ்சக் கவுன் போட்டிருந்தா. மஞ்சள்! கறுத்த பிள்ளைக்கு எவளாவது மஞ்சள் எடுப்பாளா? ஆனா பயப்படல. பந்தை ரெண்டு கையாலயும் உசத்திப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா. "இது ஆப்பிரிக்கா. இதுல ஐம்பத்து நாலு நாடு இருக்கு. பாலைவனம் இருக்கு, பனி மலையும் இருக்கு, பிரமிடு இருக்கு. அங்கயும் என்னை மாதிரி பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போவாங்க. அவங்களுக்கும் ஹோம்வொர்க் உண்டு."

கூட்டம் சிரிச்சு, கைதட்டுது. விசில் வேற. ஹோம்வொர்க் உண்டுன்னு சொன்னதுக்கு! இதுல என்ன பூகோளம் இருக்கு? நான் வருஷா வருஷம் முப்பது வரியில எழுதுற பாட்டுக்கு இந்தக் கைதட்டல் ஒரு தடவகூடக் கிடைச்சதில்ல.

அதோட விட்டாங்களா? பந்தைக் கூட்டத்துக்குள்ள தூக்கிப் போட்டுட்டாங்க. பெத்தவங்களும் பிடிச்சுப் பிடிச்சுச் சொல்லணுமாம். ஒரு அப்பா கடலைக் காட்டி, "இது சைனாவாடா?"ங்கிறார். பிள்ளைங்க மேடையில உருண்டு சிரிக்குது. பெத்தவங்களைப் பாத்துப் பிள்ளைங்க சிரிக்கிற மாதிரி வளத்தா நாளைக்கு அது எங்க போய் நிக்கும்? பந்து என் பக்கம் வந்துச்சு. நான் தொடவே இல்ல. புறங்கையால தட்டி விட்டுட்டேன். அது வேற யார் மடியிலயோ போய் விழுந்துச்சு.

எல்லாம் முடிஞ்சு சேரெல்லாம் அடுக்கிக்கிட்டு இருக்கேன். பின்னாடி இருந்து சேலையப் பிடிச்சு இழுக்குது ஒரு கை. இலக்கியா. கேசரி தின்ன கை. எனக்கு எப்படி இருக்கும்னு நெனைச்சுப் பாருங்க.

"நான் நல்லாச் சொன்னேனா மிஸ்?"

அவ்வளவு நடந்த பெறகு என்கிட்ட வந்து கேக்குது. சின்னப் பிள்ளைங்களுக்கு ரோஷமே கிடையாது. ம்ம்னு சொன்னேன். போக மாட்டேங்குது. என் கைய ஒரு பார்வை பாத்துச்சு, அது கைய ஒரு பார்வை பாத்துச்சு. அப்புறம் அண்ணாந்து கேக்குது.

"மிஸ், நீங்க ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது ஆண்டு விழாவுல என்ன வேஷம் போட்டீங்க?"

என்ன வேஷமா? எங்க பள்ளிக்கூடத்துல வருஷா வருஷம் நாடகம் உண்டுங்க. அரக்கி வேஷம்னா வாத்தியார் யாரையும் தேட மாட்டார், நேரா என்னைப் பாத்து விரலை நீட்டுவார். கரித்தூளை நல்லெண்ணெயில குழைச்சு உடம்பெல்லாம் பூசுவாங்க. இருக்கிறது பத்தாதுன்னு. ராஜா வந்து என்னைக் குத்துவான், கூட்டம் எந்திரிச்சு நின்னு கைதட்டும். வீட்டுக்கு வந்ததும் எங்கம்மா சீயக்காயப் போட்டுத் தேய்ப்பா, தேய்ப்பா, எங்க கரி முடியுது எங்க நான் ஆரம்பிக்கேன்னு அவளுக்கே தெரியாது. தோல் எரியும். எங்க வீட்டுல இருந்து யாராவது சண்டைக்குப் போனாங்களா? நான் அழுதேனா? பேசாம வாங்கிக்கிட்டோம். அதனாலதான் இன்னைக்கு நாலு பிள்ளைங்களுக்குப் படிப்புச் சொல்லிக் குடுக்கிற இடத்துல இருக்கேன்.

இதையெல்லாம் அதுகிட்டச் சொல்ல முடியுமா? என் வாயவே பாத்துக்கிட்டு நிக்குது.

"ராஜகுமாரி"ன்னு சொன்னேன்.

"கிரீடம் வச்சாங்களா மிஸ்?"

"வச்சாங்க."

"என்ன கலர் பாவாடை மிஸ்?"

"ரோஸ்."

"உங்களுக்கு ரொம்ப அழகா இருந்திருக்கும் மிஸ்"னு சொல்லிட்டு அவங்கம்மாகிட்ட ஓடிருச்சு.

பாத்தீங்களா? இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு பிள்ளைகிட்டப் பொய் சொன்னவ இல்ல நான். இவளுங்க பண்ணின கூத்துல அதையும் செய்ய வேண்டியதாப் போச்சு. அதுவும் ரோஸாம். வாயில வேற கலரே வரல எனக்கு. ரோஸ் எனக்கு எடுக்கவே எடுக்காது.